“சும்மா ஒரு செக்தானே!” — கையெழுத்துப் போட்டவர் கோர்ட்டுப் படி ஏறும் கதை

கடன் கொடுத்தவரும் ஏமாறுகிறார், வாங்கியவரும் ஏமாறுகிறார். சட்டம் எண்ணுவது நாட்களை!

சென்னை நகரில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் கோர்ட்டு வளாகங்களில் எந்த நாள் காலையிலும் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். கொலைகாரர்கள் அல்ல. பிக்பாக்கெட் ஆசாமிகளும் அல்ல. மளிகைக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், லேத் பட்டறை முதலாளி, ஆட்டோ டிரைவர், வேலையை விட்டு நின்ற குமாஸ்தா. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பாங்கிக்குப் போய்த் திரும்பிய ஒரு செக்.

“செக் கேஸ்” என்று சொல்லப்படும் வழக்குகள் இவை. நாடு முழுவதும் கீழ்க்கோர்ட்டுகளில் தேங்கிக் கிடந்த 2 கோடியே 31 லட்சம் கிரிமினல் வழக்குகளில் 35 லட்சத்துக்கு மேல் செக் வழக்குகள்தான் என்று சுப்ரீம் கோர்ட்டே 2021-ம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. அது 2019-ம் ஆண்டு இறுதியில் எடுத்த கணக்கு. கிரிமினல் வழக்குகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று இந்தச் சிறு காகிதத்தால் வந்தது!

இந்த வழக்குகளில் சிக்குகிறவர்கள் இரண்டு வகை. பணம் வர வேண்டியவர் ஒருவகை. அவர் நாள் கணக்கைத் தவற விட்டுத் தோற்கிறார். பணம் கொடுக்க வேண்டியவர் இன்னொரு வகை. அவர் எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோற்கிறார். இரண்டு பேரும் சாதாரண ஜனங்கள். இரண்டு பேருக்கும் சட்டம் முன்கூட்டித் தெரிந்திருந்தால் பாதி வழக்கு கோர்ட்டு வாசலுக்கே வந்திருக்காது.

எப்படி வந்தது சட்டம்?

செக் திரும்பினால் குற்றம் என்பது பழைய சட்டம் அல்ல. 1881-ம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டத்தில் முதலில் அப்படி எதுவும் கிடையாது. பணம் வரவில்லையா, சிவில் கோர்ட்டில் தாவா போடு என்பதுதான் நிலை. 1988-ம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 138-வது பிரிவு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது அதில்தான் புகுந்தது. 1989-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமுலுக்கு வந்தது.

நோக்கம் நல்லதுதான். ஜனங்கள் ரொக்கத்தை மூட்டை கட்டித் தூக்காமல் செக்கை நம்பி வியாபாரம் செய்ய வேண்டும். செக் கொடுத்தவன் கையை விரித்தால் அவனுக்கு ஜெயில் பயம் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வருட ஜெயில் என்று இருந்தது. 2003-ம் ஆண்டு பிப்ரவரி முதல் அது 2 வருடம் வரை என்று உயர்த்தப்பட்டது. அபராதம் செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை. ஜெயிலும் விதிக்கலாம், அபராதமும் விதிக்கலாம், இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம்.

போலீசில் ஏன் எடுப்பதில்லை?

செக் திரும்பியதும் பலர் செய்கிற முதல் காரியம், போலீஸ் நிலையத்துக்கு ஓடுவது. அங்கே கிடைக்கிற பதில் எல்லோருக்கும் தெரியும். “இது எங்க மேட்டர் இல்லை சார், கோர்ட்டுக்குப் போங்க.”

இந்தப் பதிலில் தப்பு இல்லை. 138-வது பிரிவு வழக்கைப் போலீசார் பதிவு செய்ய முடியாது. செக் யார் பேருக்கு எழுதப்பட்டதோ அவர்தான் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு சரக்கை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டினான் என்று காட்ட முடிந்தால்தான் மோசடிப் புகாருக்குப் போலீசில் இடம் உண்டு. அது தனி வழக்கு; செக் வழக்கு தனி.

ஆனால் போலீஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைகிற இந்த நாட்களில்தான் வினை இருக்கிறது. ஏனென்றால் சட்டத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாள் கணக்கு

கணக்கு இதுதான். செக்கில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பாங்கியில் போட வேண்டும். முன்பு 6 மாதம் என்று இருந்ததை ரிசர்வ் பாங்கி 2012-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் 3 மாதமாகக் குறைத்துவிட்டது. இன்னும் 6 மாதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு.

செக் திரும்பிய தகவல் பாங்கியிலிருந்து வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீசு அனுப்பிவிட வேண்டும்.

நோட்டீசு எதிராளி கைக்குப் போன நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை, கதை முடிந்தது.

கொடுக்கவில்லை என்றால், அந்த 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் மனுப் போட வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். செக் திரும்பிய சீட்டு ஜனவரி 5-ந்தேதி கையில் வந்தது. பிப்ரவரி 4-ந்தேதிக்குள் நோட்டீசு தபாலில் ஏறிவிட வேண்டும். எதிராளி பிப்ரவரி 10-ந்தேதி வாங்கினார். அவருக்கு பிப்ரவரி 25-ந்தேதி வரை அவகாசம். அவர் அசையவில்லை. 26-ந்தேதி உங்களுக்கு வழக்குப் போடும் உரிமை வருகிறது. அதிலிருந்து ஒரு மாதம். கடைசி நாள் வரை காத்திருப்பவர் வக்கீல் ஊரில் இல்லை, கோர்ட்டு லீவு என்று திண்டாட வேண்டி வரும்.

வழக்குப் போடுவதில் நாள் தவறினால், தக்க காரணம் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் நோட்டீசு அனுப்புகிற 30 நாள் தவறினால் மன்னிப்பே கிடையாது.

“நாளைக்குத் தர்றேன் அண்ணாச்சி!”

மொத்த வியாபாரிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரரின் செக் திரும்புகிறது. போன் போட்டால், “அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பா போட்டுடறேன்” என்கிறார். நெடுநாள் பழக்கம். முகத்தை முறிக்க மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறது, போகிறது. பிறகு தீபாவளி கழிச்சு, பொங்கல் கழிச்சு. 30 நாள் என்றைக்கோ முடிந்துவிட்டது.

அப்படியானால் எல்லாம் போச்சா? இல்லை. செக்கின் 3 மாதக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் அதே செக்கை மறுபடி பாங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால், அந்த நாளிலிருந்து புதிதாக 30 நாள் கிடைக்கும். இரண்டாவது தடவை திரும்பியதை வைத்தும் வழக்குப் போடலாம் என்று சென்னையிலிருந்து போன ஒரு தோல் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2012-ம் ஆண்டில் திட்டவட்டமாகத் தீர்ப்புக் கூறியிருக்கிறது.

செக்கின் காலமும் முடிந்துவிட்டால் கிரிமினல் வழக்கு இல்லை. சிவில் கோர்ட்டில் பணத்துக்குத் தாவா போடும் வழி மட்டும் மிச்சம். அதற்குப் பொதுவாக 3 வருடக் கெடு.

ஆகவே பழக்கம் வேறு, நோட்டீசு வேறு. நோட்டீசு அனுப்பினால் நட்பு முறிந்துவிடாது. நோட்டீசு அனுப்பிவிட்டும் பேசலாம். பேசிவிட்டு அனுப்புகிறவருக்குத்தான் கெடு தப்புகிறது.

நோட்டீசில் ஒரு பூஜ்யம் தப்பினால்...

நோட்டீசில் எழுதும் தொகை செக்கில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும். வட்டி, வக்கீல் பீஸ், மனக்கஷ்டத்துக்கு நஷ்டஈடு என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீசு செல்லாமல் போகும். தனியாகக் கேட்க வேண்டியதைத் தனி வரியில் கேட்க வேண்டும்.

2025-ம் ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. செக் 1 கோடி ரூபாய்க்கு. நோட்டீசில் கேட்டதோ 2 கோடி. “டைப் அடித்ததில் நேர்ந்த பிழை” என்று வாதாடிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. நோட்டீசே செல்லாது, வழக்கும் நிற்காது என்று கோர்ட்டு கையை விரித்துவிட்டது. கோடி ரூபாய் வழக்குக்கே அந்தக் கதி. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு நோட்டீசு அனுப்புகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் செக் நம்பர், தேதி, தொகை மூன்றையும் விரல் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

நோட்டீசை எதிராளி வாங்க மறுத்தாலோ, “வீடு பூட்டியிருக்கிறது” என்று தபால்காரர் எழுதித் திருப்பினாலோ பயப்பட வேண்டாம். சரியான விலாசத்துக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய ரிஜிஸ்தர் தபால் 2025-ம் ஆண்டில் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைந்துவிட்டது. தபால் ஆபீசில் கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது முக்கியம்.

எந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போடுவது என்பதிலும் முன்பு குழப்பம் இருந்தது. 2014-ம் ஆண்டில் செக் கொடுத்தவரின் பாங்கி இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்று தீர்ப்பு வந்து, சென்னை வியாபாரி டில்லிக்கும் பம்பாய்க்கும் ஓட வேண்டிய நிலை வந்தது. அடுத்த வருடமே, 2015-ல், பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. பணம் வர வேண்டியவர் தன் கணக்கில் செக்கைப் போட்டால், அவருடைய பாங்கிக் கிளை எந்த ஊரோ அந்த ஊர்க் கோர்ட்டு. இது சிறு வியாபாரிக்குக் கிடைத்த பெரிய சலுகை.

வெற்றுச் செக் வினை

இனி மறுபக்கம். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று சென்னையில் கடனுக்குப் பல பெயர்கள். பெயர் எதுவானாலும் வழி ஒன்று. பணம் எண்ணிக் கொடுக்கும் முன், “ஒண்ணும் இல்லைம்மா, சும்மா செக்யூரிட்டிக்குத்தான். ரெண்டு செக்கில கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தொகை எழுத வேணாம்” என்பார்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டும். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கடை வாடகை. கையெழுத்து விழுகிறது.

ஐம்பதாயிரம் கடன். கொஞ்சம் கொஞ்சமாக ரொக்கமாகக் கட்டியாகிறது, ரசீது இல்லை. ஒருநாள் தகராறு. செக்கில் ஐந்து லட்சம் என்று எழுதப்பட்டு பாங்கிக்குப் போகிறது. திரும்புகிறது. நோட்டீசு வருகிறது. “நான் எழுதவே இல்லையே, என் கையெழுத்து மட்டும்தானே!” என்று அலறுகிறார் கடன்காரர்.

அந்த அலறல் கோர்ட்டில் எடுபடுமா? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கையெழுத்து தன்னுடையது என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், மீதியை வேறு யார் எழுதியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்த செக் என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. செக்யூரிட்டிக்குக் கொடுத்தது என்பதாலேயே தப்பிக்க முடியாது என்று 2021-ம் ஆண்டிலும் தீர்ப்பு வந்தது. கடன் கெடு முடிந்தும் பணம் நிலுவை இருந்தால் செக்யூரிட்டி செக்கும் செல்லும்.

அதாவது, வழக்கமான கிரிமினல் வழக்கில் போலீசார்தான் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். செக் வழக்கில் அனுமானம் தலைகீழ். “எனக்குக் கடன் இல்லை” என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது.

தப்பிக்க வழி உண்டா?

உண்டு. அனுமானம் என்பது முடிந்த முடிவு அல்ல. கடன் இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது இல்லை. “இப்படித்தான் நடந்திருக்கக்கூடும்” என்று கோர்ட்டு நம்பும்படி காட்டினால் போதும். அதே 2019-ம் ஆண்டில் வந்த இன்னொரு வழக்கில் 6 லட்சம் ரூபாய் கடன் கொடுத்ததாகச் சொன்னவரிடம் அவ்வளவு பணம் எங்கே இருந்தது என்ற கேள்வி எழுந்தது. அதற்குச் சரியான பதில் இல்லை. செக் கொடுத்தவரை சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது.

2022-ம் ஆண்டில் இன்னொரு முக்கியமான தீர்ப்பு. 20 லட்சம் ரூபாய்க்குச் செக் கொடுத்தவர், செக் பாங்கிக்குப் போகும் முன்பே 4 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டார். கடன் கொடுத்தவரோ முழு 20 லட்சத்துக்கே செக்கைப் போட்டார். கடனில் ஒரு பகுதி அடைந்த பிறகு முழுத் தொகைக்குப் போட்ட செக் திரும்பினால் அது குற்றம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. கட்டிய தொகையைச் செக்கின் மேலேயே குறித்து, மீதிக்குத்தான் போட வேண்டும்.

இந்தத் தீர்ப்பால் பலன் அடைய ஒரு நிபந்தனை. கட்டியதற்கு ஆதாரம் வேண்டும். கையில் கொடுத்த ரொக்கத்துக்குச் சாட்சி கிடையாது. பாங்கி மூலமோ, போனில் யு.பி.ஐ. மூலமோ கட்டினால் தேதியும் தொகையும் அழியாமல் நிற்கும். “ரொக்கமாத்தான் வேணும்” என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அதற்குக் காரணம் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நோட்டீசைக் கண்டு பயந்து பீரோவுக்குள் போட்டுப் பூட்டிவிடுவது அடுத்த தப்பு. பதில் போடாமல் இருந்தால், “உண்மையிலேயே கடன் இல்லை என்றால் உடனே மறுத்திருப்பாரே” என்று கோர்ட்டு நினைக்க இடம் உண்டு. 2010-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இதையே எடுத்துக்காட்டியது. 15 நாளுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில். அதில் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியது, செக் ஏன் கொடுத்தது என்ற விவரம். இதுதான் முதல் கவசம்.

சிலர் பாங்கிக்கு ஓடி, “பேமெண்ட்டை நிறுத்து” என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கணக்கையே மூடிவிடுகிறவர்களும் உண்டு. இதனால் எல்லாம் தப்ப முடியாது. நிறுத்தச் சொன்னாலும், கணக்கை மூடினாலும் செக் திரும்பியதாகவே அர்த்தம். செக் பாங்கிக்கு வந்த நாளில் கணக்கில் போதிய பணம் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணமும் இருந்தது என்று காட்டினால் மட்டும் வழி பிறக்கும்.

அதிக வட்டி வாங்குகிறவர்கள் மீது தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அந்தச் சட்டம் தடுக்கிறது. 3 வருடம் வரை ஜெயில். இதில் போலீசில் புகார் செய்யலாம். செக்கை வைத்து மிரட்டுகிறவர் இந்த வட்டிக்காரராக இருந்தால் அந்தப் புகார் தனியாகவும், நோட்டீசுக்குப் பதில் தனியாகவும் போக வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று அல்ல.

சம்சாரத்தின் கையெழுத்து

வீடுகளில் நடக்கும் இன்னொரு காரியம். கடன் வாங்குவது புருஷன். செக் புஸ்தகம் சம்சாரத்தின் பெயரில். “இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்கிறார். அவரும் அடுப்படியிலிருந்து வந்து போடுகிறார்.

செக் திரும்பினால் கூண்டில் ஏறுவது யார்? கையெழுத்துப் போட்டவர்! கடன் என்னுடையது அல்ல என்று அவர் சொன்னாலும் போதாது. இன்னொருவர் கடனுக்கு ஜாமீனாகக் கொடுத்த செக்கும் இந்தப் பிரிவில் வரும் என்று 2002-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. அந்த வழக்கிலும் புருஷன் தவணையில் வாங்கிய காருக்காகப் பெண்டாட்டி கொடுத்த செக்தான் திரும்பியது.

அதேபோல, கூட்டுக் கணக்காக இருந்தாலும், கையெழுத்துப் போடாதவரைச் சேர்த்து இழுக்க முடியாது என்று 2013-ம் ஆண்டில் தீர்ப்பு உண்டு. ஆக, கணக்கு யார் பெயரில் என்பதைவிட, கையெழுத்து யாருடையது என்பதே பெரிய கேள்வி.

கம்பெனி என்றால் விஷயம் வேறு. கம்பெனி செக் திரும்பினால் கம்பெனியையே முதல் எதிரியாகச் சேர்க்க வேண்டும். டைரக்டரை மட்டும் சேர்த்து வழக்குப் போட்டால் நிற்காது என்று 2012-ம் ஆண்டுத் தீர்ப்பு. கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோட்டீசும் கம்பெனி பெயருக்குப் போக வேண்டும்.

தொழிலாளிக்கும் பொருந்தும்

சம்பள பாக்கிக்கு முதலாளி கொடுத்த செக் திரும்பினாலும் இதே சட்டம்தான். இதே நாள் கணக்குத்தான். சம்பள பாக்கியும் சட்டப்படியான கடனே.

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி அமுலுக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நின்றாலும், நிறுத்தப்பட்டாலும் 2 வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். “மூணு மாசம் கழிச்சுத் தேதி போட்டு செக் தர்றேன், வாங்கிட்டுப் போ” என்று சொல்வதற்கு முதலாளிக்கு உரிமை கிடையாது. வேறு வழியில்லாமல் செக்கை வாங்கிக்கொள்கிற தொழிலாளி அதில் போட்ட தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

வேலையில் சேரும்போதே தொழிலாளியிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை வாங்கி வைக்கும் இடங்களும் இருக்கின்றன. அப்படிக் கொடுத்தால், செக் நம்பரைக் குறித்து, எதற்காகக் கொடுத்தது என்று எழுதி, வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு நகலை வைத்துக்கொள்வது அவசியம். கடன் எதுவும் இல்லாத இடத்தில் செக் செல்லாது. ஆனால் கடன் இல்லை என்று காட்டும் காகிதம் கையில் இருக்க வேண்டும்.

பாங்கி வேகம், கோர்ட்டு மெது!

2025-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி முதல் செக் மாற்றும் முறையை ரிசர்வ் பாங்கி மாற்றியிருக்கிறது. முன்பு இரண்டு நாள் ஆன வேலை இப்போது அன்றைக்கே முடிந்துவிடுகிறது. காலையில் போட்ட செக்குக்குச் சாயந்தரத்துக்குள் பதில். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. “இன்னைக்கு செக் குடுத்துட்டு நாளைக்குப் பணத்தைக் கட்டிடலாம்” என்று சமாளித்து வந்த கடைக்காரர்களின் தந்திரம் இனிப் பலிக்காது. செக் கொடுக்கும் நாளிலேயே கணக்கில் பணம் இருந்தாக வேண்டும்.

பாங்கியில் சில மணி நேரத்தில் திரும்பும் செக்குக்குக் கோர்ட்டில் நீதி கிடைக்க வருடங்கள் ஆகின்றன. 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. சம்மன் போய்ச் சேருவதற்கே மாதங்கள். எதிரி ஒரு வாய்தாவுக்கு வருவார், இரண்டு வாய்தாவுக்கு வரமாட்டார். பிடிவாரண்டு போகும். மறுபடி முதலிலிருந்து.

இதற்காக 2018-ம் ஆண்டு செப்டம்பர் முதல் ஒரு திருத்தம் வந்தது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடாகக் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். ஆனால் இது கட்டாயம் அல்ல, வழக்கின் தன்மையைப் பார்த்துத்தான் உத்தரவிட வேண்டும் என்று 2024-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. தண்டனை பெற்றவர் அப்பீல் செய்தால், கோர்ட்டு விதித்த தொகையில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்லலாம்.

2025-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. சம்மனைக் கோர்ட்டு ஊழியர் மூலம் மட்டும் அனுப்பிக்கொண்டிராமல் வாதியிடமே கொடுத்து அனுப்பவும், மின்னணு வழியில் அனுப்பவும் சுப்ரீம் கோர்ட்டு வழிகாட்டியது. ஆன்லைனில் பணம் கட்டும் வசதியையும் செய்து கொடுக்கச் சொன்னது.

அதோடு, சமரசமாகப் போகிறவர்களுக்கு ஒரு படிக்கட்டும் போட்டுக் கொடுத்தது. எதிரி தன் தரப்புச் சாட்சியத்தைச் சொல்லும் முன்பே செக் தொகையைக் கட்டினால் அபராதச் செலவு ஒன்றும் இல்லாமல் வழக்கை முடிக்கலாம். அதற்குப் பிறகு, தீர்ப்புக்கு முன் கட்டினால் செக் தொகையில் 5 சதவீதம் கூடுதல். செஷன்சு கோர்ட்டு, ஐகோர்ட்டு வரை போய்க் கட்டினால் 7½ சதவீதம். சுப்ரீம் கோர்ட்டில் 10 சதவீதம். 2010-ம் ஆண்டில் விதித்த பழைய விகிதத்தைவிட இது குறைவு.

இதன் அர்த்தம் வெளிப்படையானது. கோர்ட்டுக்கு ஆளை ஜெயிலுக்கு அனுப்புவதில் அக்கறை இல்லை. பணம் வந்து சேர வேண்டும். ஜெயில் என்பது பயம் காட்டும் கம்பு. கொடுக்க வேண்டியது உண்மையானால், இழுத்தடிக்க இழுத்தடிக்க வக்கீல் பீஸும் வாய்தாச் செலவும் ஏறுமே தவிர, கடன் குறையாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்ட உதவி மையம் மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்து கேட்கலாம். லோக் அதாலத்தில் செக் வழக்கு சமரசமானால் அந்த உத்தரவு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். சொன்னபடி பணம் கட்டாவிட்டால் சொத்தை ஜப்தி செய்யும் வரை போகலாம்.

கடைசியாகக் கவனிக்க

செக் வாங்குகிறவருக்கு: வாங்கியதும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு பில், டெலிவரி சலான், கணக்கு நோட்டு மூன்றும் செக்கோடு சேர்ந்து இருக்கட்டும். திரும்பிய அன்றே 30 நாளை எண்ணத் தொடங்குங்கள்.

செக் கொடுக்கிறவருக்கு: பெயரும் தொகையும் தேதியும் உங்கள் கையாலேயே எழுதுங்கள், மேலே இரண்டு கோடு போடுங்கள். வெற்றுச் செக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுக்க முடியாத நிலையில், செக் நம்பரைக் குறிப்பிட்டு எழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். கடன் அடைந்த அன்றே செக்கைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுங்கள். “எங்கேயோ வச்சிட்டேன், தேடித் தர்றேன்” என்று பதில் வந்தால், கடன் தீர்ந்தது, செக் நம்பர் இன்னது, திருப்பித் தரவில்லை என்று அன்றைக்கே ஒரு கடிதம் தபாலில் போய்விட வேண்டும். வருடங்கள் கழித்து நோட்டீசு வரும் நாளில், அந்தத் தபால் ரசீது கையில் இருப்பவர் பேச ஒரு வார்த்தையாவது இருக்கும்.